இரண்டாம் உறைவு

வீட்டில் மூன்று பேர். மூவரும் பேசுவதில்லை.
நெவேனாவுக்கு டாக்டர் உத்தரவு,
டான்சில் எடுத்த தொண்டை.
எனக்கும் இவைலாவுக்கும் நடுவில்
சமையலறைத் தரைக்கு ஓடு பதிக்க வைத்திருந்த பணம்.
அது இப்போது என் தம்பியின் படகாக
டான்யூப் ஆற்றில் மிதக்கிறது.

ஆகஸ்ட். ரூஸே நகரத்தில் நாலாவது மாடி.
பக்கத்து பால்கனியில் குடைமிளகாய் சுடுகிறார்கள்,
அந்தப் புகை எங்கள் துணிக்கொடியில் வந்து காய்கிறது.
குளிர்ச்சியாக, மெத்தென்று ஏதாவது கொடுங்கள் என்றார் டாக்டர்.
கடை ஐஸ்கிரீமை ஒரு வாய் வைத்துவிட்டு
நெவேனா சிலேட்டில் எழுதினாள்:
தித்திப்பு எரிகிறது.

நான் டிராலிபஸ் ஓட்டுகிறவன்.
சமையலில் எனக்குத் தெரிந்தது முட்டையும் அவசரமும்.
ஆனாலும் தயிருக்கு எங்கள் ஊரில் யாரும் அந்நியரில்லை.
இரண்டு கிலோ செம்மறிப் பால் தயிரை
மெல்லிய துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன்.
இரவெல்லாம் சொட்டியது.
எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் வாயாடி.

மறுநாள் துணிக்குள் கெட்டியாக ஒரு வெள்ளை உருண்டை,
கைக்குழந்தையின் குதிகால் மாதிரி.
பீச் பழத்தைத் தோலுரித்து மசித்தேன்.
ராஸ்பெரி விதை புண்ணை உரசும்;
சல்லடையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து
விரல் சிவந்தது, சாறா நானா தெரியவில்லை.
தேன் மூன்று கரண்டி.
இத்தனையையும் இவைலா பார்க்காமல் இருந்தாள்.
செய்தித்தாளில் ஒரே பக்கம், முக்கால் மணி நேரம்.

தயிர் என்பது ஒருமுறை உறைந்த பால்.
அதை மறுபடி உறையவைப்பது லேசில்லை.
விட்டுவிட்டால் பாறை.
அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து
ஓரத்தில் பிடித்த பனியை முள்கரண்டியால்
நடுவுக்கு இழுத்து, உடைத்து, கிளறி,
திரும்ப உள்ளே வைக்க வேண்டும்.
மாலை ஷிப்ட் முடிந்து வந்து அலாரம் வைத்தேன்.
ஒன்பதரை. பத்து. பத்தரை.

பதினொன்றுக்கு அலாரம் அடித்ததாம்.
எனக்குத் தெரியாது, நான் தூங்கிப்போயிருந்தேன்.
விழித்தபோது பன்னிரண்டே கால்.
ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்தேன்.

பாறை இல்லை.

நான் நீளவாக்கில் கிளறுகிறவன்.
டப்பாவில் குறுக்குக் கோடுகள்.
தொட்டியில் ஈரம் காயாமல் இன்னொரு முள்கரண்டி.
படுக்கையறையில் இவைலா
தூங்குகிறவளைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு நான், நீளமாக.
ஒரு மணிக்கு வேண்டுமென்றே எழவில்லை.
இருட்டில் அவள் செருப்புச் சத்தம்,
ஃப்ரீசர் விளக்கு கூடத்துச் சுவரில் விழுந்து
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

காலையில்தான் காரணம் தெரிந்தது.
மிச்சத் தயிரைத் தட்டில் மெலிதாகப் பரப்பி
மேலே முழு ராஸ்பெரியும் வால்நட்டும் தூவி
யாரோ உறையவைத்திருக்கிறார்கள்.
கண்ணாடிச் சில்லு மாதிரி உடைத்தும் ஆயிற்று.
இது தொண்டைப் புண்காரிக்கு ஆகாது.
பல் இருக்கிற இருவருக்கு.

நெவேனா தன் கிண்ணத்திலிருந்து
ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினாள்.
நல்லா இருக்கா?
இடமும் வலமும் தலையை ஆட்டினாள்.
எங்கள் நாட்டில் அது ஆமாம்.
பிறகு சிலேட்டை இழுத்தாள்:
ஆனா மீன் வாசனை.

கீழ்த்தட்டில் வாய் கட்டாத பையில் கெளுத்தி.
தம்பி கொடுத்தது.
படகு கட்டிய முதல் வட்டி.

இவைலா செய்தித்தாளை மடித்தாள்.
நான்கு நாளில் முதல் சொல்:
மூடி.

சற்றுப் பொறுத்து,
மூடி போட்டிருக்கணும், ப்ளாமென்.

சொல்லிவிட்டுத் தட்டில் பெரிய சில்லாகப் பார்த்து எடுத்து
கடக்கென்று கடித்தாள்.
மீதியை என் பக்கம் தள்ளினாள்.
அதிலும் மீன்தான்.