காத்திருப்பது யார்

டுலூத்தில் அந்த ஜனவரி
ஏரி கண்ணெட்டும் தூரம்வரை உறைந்திருந்தது.
எங்கள் தளத்தில் அப்போதும்
குளிர்சாதனம் ஓடியது.
ஆளுக்கு அல்ல, அதற்கு.

தரைக்குக் கீழே இன்னொரு தரை.
இடையில் தண்ணீர்க் குழாய்கள்,
மணிக்கட்டுப் பருமனில் கேபிள்கள்,
மூன்றாம் வருடம் பலகை இடுக்கில் நழுவிய
என் இடது காதுத் தோடு.
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மெயின்ஃபிரேம் என்றால் எனக்கு வரிசை.
அட்டைக்கட்டின் மேல் பென்சிலில் பெயர்,
ரப்பர் வளையம், ஒரு பெருமூச்சு.
"நாளைக் காலை வாருங்கள்" என்பேன்.
இரும்புத்தாதுக் கம்பெனியின் துணைத்தலைவரும்
நாளைக் காலைதான் வந்தார்.
ஓடிய ஒவ்வொரு நொடிக்கும்
எந்தத் துறை, எத்தனை சென்ட் என்று
அதுவே எழுதிக்கொள்ளும்.
கடனுக்கு ஒரு கூட்டல்கூடப் போடாது.

பகல்முறையில் சில நாள் அது படுத்துவிடும்.
ஐந்து மாடிகளில் பச்சைத் திரைகள் ஒருசேர அசையாமல் நிற்க,
முன்னூறு நாற்காலிகள் பின்னுக்கு நகரும் சத்தம்
இடிபோலத் தலைக்குமேல் உருளும்.
பிறகு காபி. சிரிப்பு. யாரோ விசிலடிப்பார்கள்.
சம்பளப்பிரிவு ஹாரியட்டும்
கப்பல்பிரிவு வெண்டலும்
அப்படியொரு நாற்பது நிமிடத்தில்தான் பேசத் தொடங்கினார்கள்.
கல்யாண அழைப்பில் எனக்கு மட்டும் ஒரு வரி:
"பழுதுக்கு நன்றி, இர்யா."

ஆர்வில் ஹாகன் தன் பெட்டியைக்
கார்க் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார்.
சொந்தப் பணம்.
மேஜைவிளக்கைப் பிடுங்கி
அதே துளையில் செருகினார்.
அவ்வளவுதான், ஓடியது!
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் அறையில் அதைத் தொலைத்தால்
ஒரு வாரம் தேடவேண்டும்.

ஆனாலும் ஓர் இரவு, மணி மூன்று,
கீழே நீண்ட வேலையொன்று ஓடிக்கொண்டிருக்க,
மேலே போய் அதன் விசையைத் தட்டினேன்.
கறுப்புத் திரையில் சின்னக் கோடு
மினுங்கியது.
மினுங்கியது.
பழுதோ என்று பார்த்தேன்.
இல்லை, காத்திருந்தது.
பதினோரு வருடம் இயந்திரத்தோடு இருக்கிறேன்,
வரிசையில் அது நின்று
அன்றுதான் பார்த்தேன்.

இர்யா கெட்டுனென் என்று அடித்தேன்.
எந்தத் துறைக் கணக்கு என்று கேட்கவில்லை.
என் தோடு எங்கே என்று அடித்தேன்.
தெரியாது என்றது, தன் பாஷையில்,
உடனே.
கீழே உள்ளது இதைச் சொல்ல
காலைவரை எடுத்திருக்கும்.
அணைத்தேன். பெயரும் போயிற்று.

மார்ச்சில், பகல்முறை.
அச்சுத்தாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில்
ஆர்வில் கத்துவது கேட்டது.
காலாண்டுக் கணக்கோடு பெட்டி செத்திருந்தது.
ஒரே ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.
காபிச் சட்டியருகே போய் நின்று
இருபுறமும் பார்த்தார்.
எல்லாத் திரைகளும் பச்சையாய் ஓடின,
எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன.

நின்று ஒரு கோப்பை குடித்திருக்கலாம்.
வண்டியில் ஏழு துறையின் தாள்கள் இருந்தன,
கீழே வரிசையில் பதினாலு கட்டுகள்.
தலையை மட்டும் அசைத்துவிட்டு
லிஃப்டை அழைத்தேன்.
அது வரச் சற்று நேரமாயிற்று.