நானூற்றுப் பதினேழாம் பக்கம்

பெர்ம் நகர நூலகத்தின் மாடியறையில்
மாதத்துக்கு ஒரு வியாழன் கூடுவோம்.
ஒரு பழைய நாவல்.
அதற்குப் பொருந்துகிற பதார்த்தம்
ஆளுக்கொன்று, வீட்டிலிருந்து.

இம்முறை தொள்ளாயிரம் பக்கம்.
இரண்டு பிரபுக்கள், ஒரு துப்பாக்கிச் சண்டை,
போய்ச் சேராத ஒரு கடிதம்.
டிராமில் டிக்கெட் கிழிக்கிற இடைவெளிகளில்
குளிர்காலம் முழுக்கப் படித்தேன்.
நாயகி பதினோரு விருந்துகளில் உட்காருகிறாள்,
எண்ணிவிட்டேன்.
எங்கேயும் ஓர் அடுப்பு எரியக் காணோம்.

பிறகு, நானூற்றுப் பதினேழு:
சமையற்காரி தட்டை வைத்துவிட்டுப் போனாள்.
அவ்வளவுதான்.
பெயர் கிடையாது.
கதவுக்கு அந்தப் பக்கம் போனவள்
மிச்சமுள்ள ஐந்நூறு பக்கமும் திரும்பி வரவில்லை.

நேற்றிரவு அவளுக்காக மாவு பிசைந்தேன்.
மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கண்ணைக் கரிக்கும் வெங்காயம்.
நாலு பேர் சுற்றி உட்கார்ந்து செய்கிற வேலை,
இருந்தது என் இரண்டு கை.
வட்டமாய்த் தேய்த்து, பூரணம் வைத்து, மடித்து,
முனைகளைக் கிள்ளிச் சேர்த்தால்
காது.
எங்கள் கோமி மொழியில் இதற்குப் பேரே காது ரொட்டி.
ருஷ்யர் வாயில் விழுந்து பெல்மெனி ஆனது.
இருநூறு காதுகள்
பால்கனியில், மைனஸ் இருபதில்
விறைத்துக் கிடந்தன,
யாரோ பேசப்போகிறார்கள் என்பதுபோல.

"உலீத்தா, இது எந்த அத்தியாயத்தில் வருகிறது?"
வ்செவோலத் அர்காதியெவிச் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.
வரவில்லை, என்றேன்.
"பின்னே?"
கதவுக்குப் பின்னால் இருக்கிறது.
சிரித்தார்கள்.
அப்புறம் சாப்பிட்டார்கள்.
ஃபைனா செய்துவந்த ஏழடுக்கு பிரபு கேக்
கத்திபடாமல் நின்றது.

ஒரு வழக்கம் உண்டு.
ஒன்றே ஒன்றில் இறைச்சி இருக்காது,
மிளகு மட்டும் திணித்திருக்கும்.
கடித்தவருக்கு வருஷம் முழுக்க அதிர்ஷ்டம்.
துப்பாக்கிச் சண்டைதான் இந்த நாவலின் இதயம் என்று
கையில் முள்கரண்டியோடு விளக்கிக்கொண்டிருந்த
வ்செவோலத் அர்காதியெவிச்சுக்கு வாய்த்தது அது.
கண்ணில் நீர். மூக்கில் நீர். பேச்சில்லை.
அழுகிறாரோ என்று பயந்து
கலீமா தண்ணீர் எடுக்க ஓடினாள்.
ஒரு நிமிடம் போல
நாவலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
குழாயில் வெந்நீர் ஓடுவது கேட்டது.

எனக்குக் கடைசி டிராம் ஒன்பது நாற்பதுக்கு.
கழுவித் தருகிறோம் என்றார்கள்.
தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.
அதில் மூன்று காது மிச்சமிருந்தது.