அ.சா. ஒன்று

சிரசு ஊர்வலம் கோபாலபுரத்தை நெருங்கிய நேரம்
என் இடது காது கிழிந்தது.
கம்மல் போனதே முதலில் தெரியவில்லை.
யாரோ உடைத்த தேங்காய்த் தண்ணீர்தான்
தோளில் தெறிக்கிறது என்று நினைத்தேன்.

அம்மனுக்குத் தலையே பொருந்திய நாள்.
எனக்கு மூன்று தையல்.
குடியாத்தம் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினார்கள்:
"சாதாரண காயம்."
யாருக்குச் சாதாரணம் என்று கேட்க
அந்தச் சீட்டில் கட்டம் இல்லை.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம் என்பது
மூன்றாம் தடவை போனபோதுதான்
ஸ்டேஷனுக்கு ஞாபகம் வந்தது.
அதில் நான் கோமளவல்லி.
நான் கோமளேஸ்வரி, என்றேன்.
"ரெண்டும் சாமி பேருதானேம்மா" என்றார் ஏட்டு.

அவனுக்கு ஜாமீன் கிடைத்ததை
யாரும் சொல்லவில்லை.
நெல்லூர்பேட்டை டீக்கடையில்
பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.
நான்தான் முந்தானையால் காதை மூடிக்கொண்டு
விறுவிறுவென்று நடந்தேன்,
திருடியவள் மாதிரி.

வழக்கின் பெயர்
அரசு எதிர் தணிகாசலம்.
அரசுக்கு எந்தக் காது கிழிந்தது?
நான் அ.சா. ஒன்று.
கம்மல் சா.பொ. ஒன்று.
அதைத் துணியில் சுற்றி
அரக்கு வைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள்.
என்னை வராந்தாவில்.

பதினேழு வாய்தா.
தீப்பெட்டிக் கம்பெனியில் பதினேழு நாள் கூலி.
மகஜர் சாட்சிகள் இரண்டு பேரும்
"கையெழுத்து மட்டும் எங்களுது" என்று இறங்கிப் போனார்கள்.
கூட்டத்தில் எத்தனை பேர் என்று
அவன் வக்கீல் என்னைக் கேட்டார்.
எண்ணவில்லை, என்றேன்.
"சாட்சிக்குத் தெரியாது" என்று டைப் ஆனது.

விடுதலை.
அரசு அப்பீல் போகவில்லையாம்.
வலித்தால்தானே போகும்.

சத்துவாச்சாரி சட்ட உதவி மையத்தில்
ஷமீனா வக்கீல் டிபன் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்:
"நீங்களே போகலாம். பாதிக்கப்பட்டவங்களுக்கு
அந்த உரிமை இருக்கு.
யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேணாம்."
இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக
என்னிடம் ஒருவர்
'வேணாம்' என்று நல்ல விதமாகச் சொன்னார்.

டைப் அடிக்கிற பையன் கேட்டான்:
அப்பீல்தாரர் பேரு?
எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
கோ. ம.
அடுத்து ளே. இரட்டைச் சுழிக் கொம்பு, தம்பி,
அவசரப்படாதே.

முதல் வரியில் நான்.
கீழே 'எதிர்' என்று ஒரு சொல்.
அதற்கும் கீழே
ஒன்று, அரசு.
இரண்டு, தணிகாசலம்.
பக்கத்துப் பக்கத்தில்.
"அது அப்படித்தான் போடணும்க்கா" என்றான்,
நான் சிரித்ததைப் பார்த்து.

ஜெயிக்குமா என்று நான் கேட்கவில்லை.
கம்மல் திரும்பி வந்தாலும்
மாட்ட ஓட்டை இல்லை, தூர்ந்துவிட்டது.
கையெழுத்துக்கு முன்னால்
அந்த முதல் வரியை மட்டும்
சத்தமாக ஒரு தடவை படித்தேன்.
வராந்தாவில் யாரோ
தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று
எழுந்து நின்றாள்.