நடு இருக்கை

டோங்காட் கரும்புக்கு நடுவே
நான்கு பளிங்கு மண்டபங்கள்.
ராஜஸ்தானிலிருந்து பெட்டி பெட்டியாய்
டர்பன் துறைமுகத்தில் இறங்கியவை.
ஒவ்வொரு துண்டின் முதுகிலும் ஓர் எண்.
எங்கோ ஓர் ஒன்பதை ஆறென்று படித்துவிட்டார்கள்.
மேற்கு மண்டபத்தில் மட்டும்
ஒரு மயில் தன் ஜோடிக்கு
முதுகு காட்டி நிற்கிறது.

எனக்கு வேலை நீர்ப்பம்பில்.
வேனின் பக்கவாட்டில் எழுதியிருப்பது என் பெயர்தான்: சவுந்தலை.
ஆள் வரலையா என்று இன்னும் கேட்கிறார்கள்.
வியாழன்தோறும் மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழுவுவேன்.
ஜரிகை நூல், ஐம்பது சென்ட் காசுகள்,
ஒட்டு இமை ஒன்று,
ஒருமுறை யாரோ கழற்றி எறிந்த மோதிரம்.
அதை அலுவலகத்தில் கொடுத்தேன்.
இழுப்பறையில் கிடக்கிறது.

கல்யாணப் படம் எடுக்க வருபவர்கள் கேட்பார்கள்,
எந்த ராஜா உள்ளே?
ஒருவரும் இல்லை என்றால் முகம் சுருங்கும்.
அசலிலும் அப்படித்தானாம்.
எரித்து, சாம்பலை ஆற்றில் விட்ட பிறகு
வெறும் இடத்துக்குப் பிடித்த கல் குடை.
நடுவே பலகைக் கல்லில் ஒரு ஜோடிப் பாதம்.
யாரும் இல்லாதபோது
பூட்ஸைக் கழற்றி வைத்துப் பார்த்தேன்.
ராஜாவுக்கும் ஐந்தாம் நம்பர்தான் போல.
என் சுண்டுவிரல் மட்டும் வெளியே.

தோட்டம் அளவுகோல் வைத்து வரைந்தது.
இந்தப் பக்கம் பன்னிரண்டு சைப்ரஸ் என்றால்
அந்தப் பக்கமும் பன்னிரண்டு.
வடகிழக்கு மூலையில் மட்டும்
கணக்கில் வராத ஓர் இலந்தை,
ஒரு முள் நேராக, ஒரு முள் கொக்கியாக.
வெட்டு என்று மூன்று முறை சொன்னார் முதலாளி நாயுடு.
மூன்று முறையும்
ரம்பத்தில் பெட்ரோல் இல்லை என்றான் தெம்பின்கோசி.

அவன் மொழியில் அதற்குப் பெயர் உம்லாஹ்லான்கோசி.
அரசனைப் புதைக்கும் மரம்.
"நாலு பளிங்கும் இருக்கட்டும்,
ராஜாவுக்கு ஆனது இது ஒன்றுதான்"
என்று சிரித்தான், புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டே.

போன வியாழன் பத்து மணிக்கு மின்சாரம் போனது.
அட்டவணைப்படிதான்.
ஊற்றுகள் குனிந்தன, உட்கார்ந்தன.
மணப்பெண் ஒருத்தி பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி
போட்டோகிராபரைத் திட்டினாள்.
ஒரு குரங்கு இறங்கி வந்து
கிழக்குக் கால்வாயில் வாய் வைத்துக் குடித்தது.
அவன் கோட்டு போட்டு வந்தான்.
கையில் இலந்தைக் கிளை.

அண்ணன். ஸ்டேஞ்சர் ஆஸ்பத்திரி. ஞாயிறு இரவு.
அழைத்து வர வேண்டும் என்றான்.
உடலை அல்ல, அதற்கு வேறு வண்டி.
டாக்சி என்றால் இரண்டு ஆள் கட்டணம்,
கிளையில் வருகிறவருக்கும் சேர்த்து.
என் வேனில் போனோம்.

போகும்போது பேசினோம்,
மழை, அவன் மகளின் பரீட்சை, பம்பு விற்கிற விலை.
ஜன்னலோரக் கட்டிலில் இப்போது வேறு யாரோ.
அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு
மெத்தையின் ஓரத்தைக் கிளையால் தொட்டான்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.
நர்ஸ் திரையை இழுத்துவிட்டு நின்றாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது என்னிடம் பேசவில்லை.
பேசக்கூடாது.
நடு இருக்கையிலிருந்த கிளையிடம்தான்:
இது உம்வோட்டி ஆறு, தாண்டுகிறோம்.
இது உம்ஹ்லாலி.
இங்கே வளைவு, பிடித்துக்கொள்.
எனக்குத் தெரிந்த ஜூலு இவ்வளவுக்குப் போதும்.

மலையேறும் முன்
கரும்புக்கு மேல் பளிங்குக் கூரைகள் தெரிந்தன.
மின்சாரம் வந்திருக்க வேண்டும்,
ஊற்று ஒன்று எட்டிப் பார்த்தது.
அதையும் சொன்னான்:
நான் வேலை செய்கிற இடம்.

ஸ்பானர் பெட்டியைக் காலடிக்குத் தள்ளியிருந்தேன்.
கியர் மாற்றும்போதெல்லாம்
முழங்கையை ஒடுக்கிக்கொண்டேன்.
ஒரு பள்ளத்தில் வேன் குதித்தபோது
முள் கீறிற்று.
மன்னிச்சிடுங்கண்ணே என்றேன்,
தமிழில்.