மூன்றே கால் மணி, டிராம் பணிமனை

இரவு உணவறையில் மைக்ரோவேவ் சுற்றுகிறது,
உள்ளே பொஹுமீரின் பருப்புச் சூப்.
சூப் சூடாகும்வரை பொஹுமீருக்கு
உலகத்தின் மேல் அபிப்பிராயம் உண்டு.

"சும்மா கொடுக்கிறவனை நம்பாதே.
மின்னஞ்சல் சும்மா, வரைபடம் சும்மா,
பேரன் படங்களை அடுக்க அலமாரி சும்மா.
தானத்து மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
இந்த மாடு நம் பல்லை எண்ணுகிறது."
முழங்கால் வலியென்று தங்கையிடம் சொன்னானாம்,
மறுநாளே போனில் தைல விளம்பரம்.
வாங்கிவிட்டான்.
நன்றாகக் கேட்கிறது என்றான்,
தைலத்துக்கு வலியா, அவன் பேச்சுக்குப் போனா,
விளக்கவில்லை.

ராதிம் வேறு ஜாதி மனிதன்.
கட்டிலுக்கு அடியில் பழைய கணினி,
அதில் திறமூல மென்பொருள், அதில் அவன் குடும்பம்.
இரவெல்லாம் விசிறி இரைகிறது என்று
மனைவி ஸ்திஸ்லாவா கூடத்துச் சோபாவுக்குக் குடிபெயர்ந்தாள்.
"கட்டணம் இல்லாதது ஒன்று, கட்டு இல்லாதது வேறொன்று"
என்று தொடங்கினால் நிறுத்த மாட்டான்.
போன மாதம் ஏதோ ஒரு கட்டளையில்
ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டான்.
மகளின் மூன்றாம் வயது முழுவதும் போயிற்று.
"என் கையால் போனது" என்கிறான்,
"எவனோ கூட்டம் போட்டு எடுத்த முடிவால் போகவில்லை."
சொல்லிவிட்டு ரொட்டியை நெடுநேரம் பிய்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அபிப்பிராயம் இல்லை.
திறந்தால் போதும்.
ஏற்கிறேன், ஏற்கிறேன் என்று
எத்தனை கட்டங்களைத் தொட்டிருப்பேன்,
கல்யாணத்தில்கூட என்னை ஒருமுறைதான் கேட்டார்கள்,
அப்போதும் வாசித்துப் பார்க்கவில்லை.

மூன்றே காலுக்குச் சுவர்த்திரை செத்தது.
காலை வண்டிகளின் பட்டியல் காட்டும் திரை.
அணைத்துப் போட்டேன்.
கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின,
யார் யாருடைய நிரல்கள், என்னென்ன உரிமம்,
எவரும் நின்று படிக்காத அந்தப் பெயர்கள்.
நடுவில் ஒரு வரி:
ஓட்டிலியே ஹ்ருபெஷோவா, புர்னோ.

மூலையில்
பேனாக்கத்தியால் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்
டிராம் கழுவும் ஓட்டிலியே ஹ்ருபெஷோவா.

"நீயா?"
"எங்கே, ஓ, அதுவா. இன்னும் இருக்கிறதா?"

முன்பு நூலகத்தில் வேலையாம்.
இரண்டெழுத்து சேர்ந்து ஓரெழுத்தாகும் ஒலி
எங்கள் மொழியில் உண்டு.
அகரவரிசையில் அதன் வீடு ஹெச்சுக்கு அடுத்தது.
இயந்திரங்களோ அதை ஸி வீட்டுத் திண்டாட்டத்தில் தள்ளின.
வாசகர்கள் பாதிப் பேர் புத்தகம் இல்லையென்று திரும்பிப் போனார்கள்.
ஒரு பனிக்காலம் உட்கார்ந்து எழுதி
யாரும் எடுத்துக்கொள்ளலாமென்று வைத்துவிட்டாள்.
பிறகு நூலகத்தை மூடினார்கள்.
நிரல் மூடவில்லை.

"எவ்வளவு கொடுத்தார்கள்?" பொஹுமீர்.
"லிஸ்பனிலிருந்து ஒருவன் பிழையொன்று சொன்னான்,
திருத்தமும் அவனே அனுப்பினான். நல்ல பையன்.
பெரிய கம்பெனிக்காரர்கள் எழுதுவார்கள்,
ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்று.
பதில் எழுதக் கைகாய வேண்டுமே,
இங்கே எப்போதும் சோப்புத் தண்ணீர்."

கத்தியைத் துடைத்து மடித்தாள்.
பன்னிரண்டாம் எண் வண்டியில் யாரோ வாந்தியெடுத்திருக்கிறார்களாம்.
போய்விட்டாள்.

திரை உயிர்பெற்றது.
நிறுத்தங்கள் வரிசையாக நின்றன.
ராதிம் அந்தப் பெயரை
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.
பொஹுமீர் எழுந்துபோய்
தன் நிறுத்தத்தை விரலால் தேடினான்.
ஹெச்சுக்கு அடுத்து, அதன் வீட்டிலேயே இருந்தது.
ஏதோ குறைசொல்ல வாயெடுத்தவன்
திரும்பிப் பார்த்தான்,
சூப் மறுபடி ஆறியிருந்தது.