கொம்பும் காலும்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கிறது.
சரக்கு வண்டி போய் முடிந்தால்
வரிசை நகரும் என்பதுபோல் நிற்கிறார்கள்.
நின்றிருப்பது சர்வர்.

முதல் பெயர். குடும்பப் பெயர்.
இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட்டால் பெட்டி முகம் சிவக்கும்.

"குடும்பப் பேருன்னா இன்னாண்ணா?
ரேஷன் கார்டுல கீறதா?"
காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவள்,
கோ. தெய்வகன்னி.
கோ என்றால் கோதண்டம், அவள் அப்பா.
தலைப்பெழுத்துக்கு ஒரே ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்.
நான் கோ அடிக்கிறேன். திரையில் க.
மறுபடி கோ.
மறுபடி க.
நமக்கு ஓரெழுத்து, அதற்கு இரண்டாம்.
உடம்பை வைத்துக்கொண்டு
கொம்பையும் காலையும் வெட்டி எறிகிறது.

"உடுண்ணா, உசிரோட இருந்தப்பவே
அப்பன் வூட்ல பாதிதான் இருந்தாரு."
வரிசை சிரித்தது.
என்னால் முடியவில்லை.
க. தெய்வகன்னி வேறொருத்தி.
தடைக்காலப் பணம்
அவள் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும்.

அவளுக்குப் பின்னால் வியாசர்பாடி டின் வின்.
ரங்கூனில் வைத்த பெயர்,
கப்பலில் கூடவே வந்தது.
டின் இந்தப் பெட்டியில், வின் அந்தப் பெட்டியில்
என்று நான் கைவைக்கும்போதே
"பிரிக்காதீங்க தம்பி,
மொத்தமும் நான்தான்" என்கிறார்.

படிவம் வரைந்தவரே,
உங்கள் ஊரில் குடும்பம்
பெயருக்குப் பின்னால் நடந்து வரும்போல.
இங்கே அப்பா ஓரெழுத்தாய் முன்னால் ஏறுகிறார்,
கல்யாண மண்டபம் ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறார்,
புருஷன் ஏறுகிறார்.
அவள் மட்டும் அதே சீட்டில், டிக்கெட்டைப் பிடித்தபடி.
சில பேர் கடைசிவரை
அப்பாவை இறக்கிவிடுவதேயில்லை.
தெய்வகன்னி அந்த ரகம்.

என் பாஸ்போர்ட்டில்
குடும்பப் பெயர் ஒரு புள்ளி.
வேறு வழியில்லாமல் நானே வைத்தது.
மெய்யெழுத்தின் தலையில் உட்கார்ந்து
உயிரை வெளியேற்றுமே, அதே புள்ளி.

அவளுக்கு அதை வைக்க மனம் வரவில்லை.
தலைப்பெழுத்தை விட்டுவிட்டு
குடும்பப் பெயரில் முழுசாய் அடித்தேன்:
கோதண்டம்.
சக்கரம் சுற்றியது. பச்சை.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்
படியிலேயே நின்று போனைப் பார்த்தாள்.
'அன்புள்ள கோதண்டம்,
உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.'

"செத்து ஏழு வருசம்ணா," என்றாள்,
"இப்பதான் கவர்மென்டு அவர அன்புள்ளன்னுது."

அழித்துவிடலாமா, மாற்றிக் கேட்கலாமா என்றேன்.
"கெடக்கட்டும்."

கேட் இன்னும் திறக்கவில்லை.