ஆறடிக்கு இரண்டடி

கம்பத்தில், மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில்
பிள்ளைகள் வார்டை இடித்துக் கட்டப் போகிறார்கள்.
அளவெடுக்கப் போனேன்.
டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வரவில்லை.
ஏழாம் கட்டில்காரி தன்சிகா பிடித்தாள்,
ஊசி ஏறாத கையால்.

'இங்க படுத்துப் பாருங்க' என்றாள்.
படுத்தேன்.
கண்ணுக்கு நேரே குழல்விளக்கு.
அதன் பக்கத்தில் காரை பெயர்ந்த ஒரு திட்டு.
'மொத நாள் அது ஆடு. இப்ப ஆடு இல்ல.'
'அப்ப?'
'ஜீப்பு. அப்பா ஏலக்காட்டுக்குப் போற ஜீப்பு.'

வலப்புறம் ஜன்னல் இருந்தது,
தரையிலிருந்து நாலடி உயரத்தில்.
நின்று பார்க்கும் டாக்டருக்கு மலை தெரியும்.
படுத்திருக்கும் பிள்ளைக்குக்
கம்பியும் கொஞ்சம் வெள்ளையும்.

அப்பா சுருளியாண்டி
நாலரைக்குக் குமுளி மலை ஏறுகிறவர்.
இறங்க ஏழு தாண்டிவிடும்.
பார்வையாளர் நேரம் நாலு முதல் ஆறு.
கேட்டுக்கு வெளியே
ஏலக்காய் மணக்கும் சட்டையோடு நின்று
போன் போடுவாராம்:
'ஜன்னலுக்கு வா தங்கம்.'
நாலடி.
ட்ரிப்ஸ் ஏறும் கையோடு
எப்படி வரும் தங்கம்?

அம்மா பவுன்தாய் படுப்பது கட்டிலுக்கு அடியில்.
ஒரு கையை மேலே நீட்டி
மகளின் விரலைப் பிடித்தபடி உறக்கம்.
ராத்திரி நர்ஸ் ஷைனி, பீருமேட்டுக்காரி,
யாரையும் மிதித்துவிடக் கூடாதென்று
'சேச்சி, சேச்சி' என
இருட்டிடம் சொல்லிக்கொண்டே நடப்பாள்.

மதுரைக்குத் திரும்பி வரைந்தேன்.
ஜன்னலை ஒன்றரை அடிக்கு இறக்கினேன்.
விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.
கட்டிலுக்கொன்றாக,
'தாய்க்குப் படுக்கை, ஆறடிக்கு இரண்டடி.'
அந்த ஒரு வரியைச் சிவப்புப் பேனா அடித்தது.
மேலதிகாரி கெட்டவரில்லை.
'நோயாளிக்குத்தாம்மா படுக்கை.
கூட வர்றவங்களுக்கு விதியில இடமில்ல.'

விதி.
நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு
இரண்டு வேலை.

ஒரு வாரம் போகவிட்டு
அதே கோட்டை அதே இடத்தில் போட்டேன்.
பெயர் மட்டும் வேறு:
'பொருள் வைக்கும் மேடை, மரப்பலகை.
ஆறடிக்கு இரண்டடி.
முனைகள் மழுக்கியிருக்க வேண்டும்.'
பொருளுக்கு எதற்கு முனை மழுக்கல்
என்று ஒருவரும் கேட்கவில்லை.
கையெழுத்தானது.

பார்வையாளர் நேரத்தை என்னால் வரைய முடியாது.
அதற்கு ஸ்கேல் கிடையாது.
ஜன்னல்கள் கேட்டைப் பார்க்கும்படி
கட்டிடத்தை எட்டு டிகிரி திருப்பினேன், அவ்வளவுதான்.
காரணம் என்ற கட்டத்தில்
'சாரல் அடிக்காமலிருக்க' என்று எழுதினேன்.
சாரல் நன்றாகவே அடிக்கிறது.

திறந்து ஏழாம் மாதம், ஐப்பசியில் போனேன்.
தன்சிகா பழைய வார்டிலிருந்தே
வீட்டுக்குப் போய்விட்டாள்.
இப்போது பள்ளிக்கூடத்தில் அவள்தான்
வகுப்பு லீடராம். ஷைனி சொன்னாள்.

மேடைகள் பாதியில் குளுகோஸ் பெட்டிகள்.
ஸ்டோர் கீப்பர் பிளானை விரித்து
என் எழுத்தையே எனக்குக் காட்டினார்:
'பொருள் வைக்கும் மேடைன்னுதானே போட்டிருக்கு?'
வாயைத் திறக்க எனக்கு வழியில்லை.

எட்டு மணிக்கு அம்மாக்கள்
பெட்டிகளை இறக்கி அடுக்குகிறார்கள்.
விடியுமுன் ஏற்றிவிடுவார்கள்.
அந்த நேரம் பார்த்து ஷைனிக்கு
எழுத நிறைய இருக்கிறது.

கிளம்பும்போது மழை.
கேட்டுக்கு வெளியே ஒரு ஜீப் நின்று
முகப்பு விளக்கை இரண்டு தரம் அணைத்து ஏற்றியது.
யாருடைய அப்பா என்று தெரியவில்லை.
கட்டிலில் படுத்தபடியே
நாலு பிள்ளைகள் கை காட்டினார்கள்.